இருக்கு சரி, எவ்வளவு இருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்குச் சோதனை செய்த அறிக்கையை யார் வீட்டிலாவது பார்த்திருப்பீர்கள். சிடி 19, சிடி 20, சிடி 22 என்று வரிசையாக இருக்கும். எதிரே ‘பாசிட்டிவ்’ என்று போட்டிருக்கும். வெள்ளணுவின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் அவை. ஆன்டிஜென் என்போம். ‘பாசிட்டிவ்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. இருக்கு சரி, எவ்வளவு இருக்கு?

அளக்கிற முறைக்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று பெயர். அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கோத்து ரத்தத்தில் கலப்போம். லேசர் ஒளியின் குறுக்கே அணுக்கள் ஒவ்வொன்றாக, ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும். புரதம் கூடினால் வெளிச்சம் கூடும். அவ்வளவுதான்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார்கள். அண்ணனுக்கு சிஎல்எல், மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். கையில் இரண்டு லேப் அறிக்கை. சிடி 20-இன் வெளிச்சம் ஒன்றில் 400 சொச்சம், இன்னொன்றில் 2000-க்கு மேல். “ஒரே வாரத்துல நோய் அஞ்சு மடங்காயிருச்சா தம்பி?” என்று கேட்டார்கள். இல்லை ஆச்சி, அது அந்தந்த மெஷினின் சொந்தக் கணக்கு, வோல்டேஜைக் கூட்டினால் எண்ணும் ஏறிவிடும் என்றேன். ஆச்சி விடவில்லை. “ஆசாரி நகையை உரசுறப்ப மாத்துத் தெரிஞ்ச பொன்னையும் பக்கத்துல உரசுவாரே. ஒங்களுக்கு அப்படி ஒண்ணும் கெடையாதா?”

இருக்கிறது, ஆச்சி கேட்டது சரியான கேள்வி. நுண்மணிகள். ஒரு மணியில் எத்தனை சாய மூலக்கூறு என்பதைத் தயாரிப்பவர்களே குறித்துத் தருவார்கள். அதே அமைப்பில் அவற்றையும் மெஷினில் ஓடவிட்டால், வெளிச்சத்தை எண்ணிக்கையாக மாற்றலாம். சாயத்தில் எனக்குப் பிடித்தது ஃபைகோஎரித்ரின். கடல் செம்பாசியில் கிடைப்பது, மூலக்கூறு பெரிது. ஆன்டிபாடி ஒன்றுக்குச் சாயம் ஒன்று என்று கோக்க முடிவதால் கணக்கு சுலபம். ‘அணுவுக்கு இத்தனை ஆயிரம் ஆன்டிபாடி’ என்று சொல்லிவிடலாம். மணி ஓட்டாத எண்ணை வேறு லேப் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒப்பிடாதீர்கள்.

எண்ணிக்கை எதற்கு? சிஎல்எல் அணுவில் சிடி 20 இருக்கும், ஆனால் நல்ல பி அணுவில் (சிஎல்எல் கிளம்புகிற வெள்ளணு வகை அது) இருப்பதைவிடக் குறைவாக. நோய் இன்னதென்று கண்டுபிடிக்க அந்தக் குறைவே ஒரு துப்பு. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிடுக்சிமாப் மருந்து பற்றிக்கொள்வதும் இதே சிடி 20-ஐத்தான். வெள்ளணுக்களையே மாற்றியமைத்து நோயணுக்கள் மேல் ஏவுவது கார்-டி சிகிச்சை. சிடி 22-ஐக் குறிவைத்த கார்-டியில், புரதம் முழுதாக மறையாமல் குறைந்துபோனதாலேயே நோயணுக்கள் தப்பித் திரும்பியிருக்கின்றன. அறிக்கையில் அப்போதும் ‘பாசிட்டிவ்’தான்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு பத்தாயிரத்தில் ஒரு நோயணுவைத் தேடுவது பற்றிச் சொல்ல வந்தேன், நேரமில்லை. காரைக்குடியில் ரத்தம் கொடுத்து மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் எடுக்காதீர்கள். ஞாயிறு முழுக்கக் கிடந்தால் அணுக்கள் செத்துப்போகும். செத்த அணு கண்ட ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. எடுத்த நேரத்தைக் குழாயிலேயே எழுதச் சொல்லுங்கள். வணக்கம்.