லீவும் இருக்கட்டும், பரீட்சையும் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தாராபுரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் ஐந்தாம் வகுப்பு. முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் பெற்றோர் என் வீட்டுத் திண்ணைக்கு வருவது இன்றைக்கும் நிற்கவில்லை. போன வாரம் ஓர் அப்பா வந்தார். பின்னால் அவர் மகன், நாலாம் வகுப்பு முடித்தவன், கையில் பம்பரம்.

"டீச்சர், பையனை அமராவதி நகர் சைனிக் பள்ளிக்கு எழுத வைக்கலாம்னு இருக்கறனுங்க. இந்த லீவு முழுக்க ஒரு சென்டர்ல போட்டுடட்டுமுங்களா? காலையில ஒம்பது மணிக்குப் போனா சாயந்திரம் அஞ்சுக்கு வந்துருவானுங்க."

சைனிக் பள்ளி என்றால் பிள்ளைகளை ராணுவ அதிகாரிகளாகத் தயார் செய்கிற உறைவிடப் பள்ளி. பையன் ஒன்றும் பேசவில்லை. பம்பரச் சாட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். கண் மட்டும் என் முகத்திலேயே இருந்தது.

"வேண்டாமுங்க. தினமும் முக்கால் மணி நேரம் போதும். எப்படின்னு நான் சொல்றேன்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் மகனுக்குப் பத்து வயதில் ஓர் உறைவிடப் பள்ளியின் நுழைவுத் தேர்வு வந்தது. ஒவ்வொரு கோடையிலும் அவன் குண்டடத்தில் அப்புச்சி வீட்டுக்குப் போய்விடுவான். கிணற்றில் நீச்சல், பனங்காய் வண்டி, ராத்திரி வாசலில் கயிற்றுக்கட்டில். அந்த வருடம் நான் அனுப்பவில்லை. காலையும் மாலையும் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். இரண்டாவது வாரம் ஏழெட்டு எவ்வளவு என்றால், "அம்பத்தி..." என்று இழுத்து நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பான். என் புருவம் அசைந்தால் விடையை மாற்றிவிடுவான். வாய்ப்பாடு அவனுக்கு மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம். தெரிந்ததைக்கூட என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வான் என்கிற நிலைக்கு நான் அவனைக் கொண்டுவந்திருந்தேன். பரீட்சை ஹாலில் என் முகம் இருக்காதே! அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

அதனால் லீவில் தயார் செய்வது என்றால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். போட்ட விடை சரியா தப்பா என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கிறதா?

முதலில் பரீட்சை எப்படி என்று பார்த்துவிடுவோம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த சைனிக் பள்ளி 1962-இல் தொடங்கியது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு. ஆறாம் வகுப்புக்கு, சேரும் வருடம் மார்ச் 31 அன்று வயது 10-க்கும் 12-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண் குழந்தைகளையும் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 125 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். கணக்கில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். பாதி மதிப்பெண் அங்கேயே இருக்கிறது. நுண்ணறிவு, மொழி, பொது அறிவு மூன்றிலும் 25, 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. ஆனால் பொதுவாக ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதமாவது வேண்டும், மொத்தத்தில் 40 சதவீதம் வேண்டும். ஒரு பகுதியை அப்படியே கைவிட முடியாது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து, நன்றாகப் படிக்கிற எத்தனை அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நாம் எழுதவே வைக்காமல் விட்டிருக்கிறோம்! தேர்வு பெரும்பாலும் ஜனவரியில் வரும். 2025-இல் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. அந்தந்த வருட அறிவிப்பை நீங்களே ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஆக, நாலாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மூன்று லீவு இருக்கிறது. முழுப் பரீட்சை லீவு, காலாண்டு, அரையாண்டு. அவசரமே இல்லை.

இந்தக் கோடையில் கணக்குப் புத்தகத்தைவிட முக்கியமான புத்தகம் ஒன்று பல வீட்டில் ஆணியில் தொங்குகிறது. பால் சொசைட்டி நோட்டைச் சொல்கிறேன். தேதி, லிட்டர், கொழுப்பு, விலை, தொகை என்று எல்லாம் தசமப் புள்ளியோடு அதில் இருக்கும். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் போன கோடையில் தினமும் சாயந்திரம் தூக்குப் போசியோடு சொசைட்டிக்குப் போய்வருவாள். வந்ததும் என் திண்ணையில் உட்கார்ந்து தொகையைத் தானே போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் 6.5 லிட்டர், லிட்டர் 36 ரூபாய். பெருக்கினாள். 2,340 வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இது ஆகாதுங்க டீச்சர். ஒரு நேரத்துப் பாலுக்கு ரெண்டாயிரம் ரூவா யாருங்க குடுப்பாங்க?" என்று சொல்லி, புள்ளியை நகர்த்தி 234 என்று எழுதினாள்.

அந்த ஒரு நிமிடத்தை எந்த சென்டரிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. தப்பு என்று நான் சொல்லவில்லை. பாலின் விலையே அவளுக்குச் சொல்லிவிட்டது. பத்து நாளுக்கு ஒரு தடவை பட்டுவாடா வரும்போது, தான் கூட்டி வைத்ததும் சொசைட்டி கொடுத்ததும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பாள். பத்து நாளில் 64 லிட்டர் என்றால் ஒரு நாளைக்குச் சராசரி 6.4 என்று, சராசரி என்கிற சொல்லைப் பாடத்தில் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. மாடு இல்லாத வீடுகளில் மளிகைச் சீட்டு இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அம்மாக்கள் வாரச் சம்பளக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

நுண்ணறிவுப் பகுதி என்றதும் பெற்றோர் மிரண்டு போகிறார்கள். திசைக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் வடக்கே பார்த்து நடக்கிறான், வலப்பக்கம் திரும்புகிறான், மறுபடியும் வலப்பக்கம் திரும்புகிறான், இப்போது எந்தத் திசையைப் பார்க்கிறான்? டவுன் பிள்ளைகள் இதற்குத் தடுமாறுவார்கள். நம் பக்கத்தில் வழி சொல்லும்போதே "தெக்கால ஊட்டுக்கு மேக்க, வேப்பமரத்துக்கு வடக்கால" என்றுதானே சொல்கிறோம்! அந்தப் பேச்சைப் பிள்ளைகளிடம் விடாமல் பேசுங்கள். வாசலில் நின்று கேள்வியை நடந்தே பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் தன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து அவனே சொல்வான்.

கண்ணாடிப் பிம்பக் கேள்வியும் அப்படித்தான். சுவர்க் கடிகாரத்தில் 3.40. கண்ணாடியில் என்ன தெரியும்? முதலில் ஒரு விடை சொல்லட்டும். பிறகு கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடி முன் பிடிக்கட்டும். 8.20 என்று கண்ணாடி காட்டும். நீங்கள் பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

ஆடு புலி ஆட்டத்தை மறந்துவிட்டோம். திண்ணையில் அடுப்புக் கரியால் கோடு போட்டு, மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடுவது. நான் இதை வைத்தால் அவர் எதை வைப்பார் என்று இரண்டு படி முன்னால் யோசிக்காமல் ஒரு ஆட்டைக்கூடக் காப்பாற்ற முடியாது. அப்பாரும் அப்புச்சியும் இருக்கிற வீடுகளில் பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுங்கள், ஐயா. மதிய நேரம் அதற்கே போகட்டும்.

பொது அறிவுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தினமும் செய்தித்தாளைப் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கட்டும், மொழிப் பகுதிக்கும் அது உதவும். பவானி கூடுதுறைக்குப் போனால் எந்த ஆறும் எந்த ஆறும் சேர்கிறது என்று கேளுங்கள். மேட்டூருக்குப் போனால் 1934 என்கிற வருடத்தைச் சொல்லிக் காட்டுங்கள். தான் பார்த்த அணையின் வருடத்தைப் பிள்ளை மறக்காது.

இனி, வீட்டில் பழக்கியே ஆக வேண்டிய ஒன்று. நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் பென்சிலில் எழுதிப் பழகியவர்கள். தப்பென்றால் ரப்பர் இருக்கிறது. இந்தத் தேர்வில் விடைத்தாள் இயந்திரம் திருத்துகிற ஓ.எம்.ஆர். தாள், பால்பாயிண்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பியதை அழிக்க முடியாது. என்னிடம் பயிற்சி எழுதிய ஒரு பையன் 14-ஆவது கேள்வி தெரியாமல் விட்டுவிட்டு 15-க்குப் போனான். ஆனால் அந்த விடையை 14-ஆவது வரிசையில் நிரப்பிவிட்டான். அதற்குப் பின் எல்லாம் ஒரு வரி மேலே. 40-ஆவது கேள்விக்கு வந்த பிறகுதான் பார்த்தான். உதடு துடித்தது, அழுகையை அடக்கிக்கொண்டு பேனாவைக் கீழே வைத்தான். விடை எல்லாம் அவனுக்குத் தெரிந்தவைதான்.

அன்று முதல் என் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். வரிசைக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொள். ஒவ்வொரு பத்தாவது கேள்வியிலும் நிறுத்தி, கேள்வி எண்ணும் தாளில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார். வெள்ளைத் தாளில் வளையல் போல வட்டம் வட்டமாகப் போட்டு, பழைய பேனாவால் நிரப்பிப் பழகுங்கள். தாளில் துளை விழாமல், கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்ப ஒரு வாரம் ஆகும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கவும் செய்யும்.

சமீப வருடங்களில் ஆறாம் வகுப்புத் தேர்வு மதியம் 2 மணியிலிருந்து 4.30 வரை. சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரம். அரையாண்டு லீவில் வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நாள் மட்டும், அதே நேரத்தில் உட்கார்ந்து முழுத் தேர்வாக எழுதிப் பார்க்கட்டும். அன்று மதியம் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். திருத்துவதைப் பிள்ளையிடமே விடுங்கள். எத்தனை மதிப்பெண் என்று கேட்காமல், எந்தக் கேள்வி உன்னை ஏமாற்றியது என்று கேளுங்கள்.

இன்னும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பரீட்சை வைக்கிறார்களாம், எழுதப் பழக்கட்டுமா என்று. குழந்தைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 13-ஆவது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துச் சலிக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பின் ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். சைனிக் பள்ளி போன்றவை தனி வகை. மற்ற இடத்தில் இதைக் கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தையை லீவில் நோட்டு முன்னால் உட்கார வைக்காதீர்கள், தாயே.

பங்காளி வீட்டுப் பிள்ளை போன வருடம் சீட் வாங்கிவிட்டான், நீயும் வாங்கணும் என்ற பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாது. என் மகனிடம் நான் எடுத்தேன். தேர்வு முடிந்து பஸ் ஏறியதும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். உடுமலையிலிருந்து தாராபுரம் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். இன்றைக்கு அவனுக்கே ஒரு குழந்தை இருக்கிறது. அந்தப் பஸ்ஸை அவன் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

பால் கணக்குப் போட்ட பெண் இந்த வருடம் தேர்வு எழுதினாள். கூட்டிப்போனது நான்தான். வெளியே வந்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு அவளாகவே சொன்னாள்: "ஒரு கணக்குல புள்ளி தப்பா வச்சுட்டனுங்க டீச்சர். பேனாவுல நெரப்பறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்." சொல்லிவிட்டு, வழுக்கையைத் தோண்டித் தரச் சொல்லி இளநீர்க்காரரிடம் காயை நீட்டினாள்.

வணக்கம்.