பருவை விடப் பொல்லாதது பக்கத்து வீட்டு வைத்தியம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'வயசுப் பிள்ளைகளை அதிகம் படுத்துவது முகப்பருவா, அதற்குக் கேட்காமலே சொல்லப்படும் வைத்தியமா?' என்பது தலைப்பு. பருதான் என்று எதிரணி அம்மா உருக்கமாகப் பேசிவிட்டுப் போனார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன கதைகளில் எல்லாம் பிள்ளையை அழ வைத்தது பருவா? பக்கத்தில் நின்ற ஆள்தானே!

பரு என்ன பாவம் செய்தது? அந்த வயதில் ஹார்மோன் கூடும். தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கும். எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து மயிர்க்காலை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்கும். 12 முதல் 24 வயதுக்குள் சுமார் 85 சதவீதம் பேருக்கு வரும் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். வராதவனைத்தான் நாம் ஆச்சரியமாகப் பார்க்க வேண்டும்.

கல்யாண வீட்டுக்கு வாருங்கள். பந்தியில் இலை போடுவதற்குள் பெரியம்மா பிடித்துவிடுவார். "என்னடி இது, மூஞ்சியெல்லாம்?" நல்லா இருக்கியா என்பதெல்லாம் அப்புறம்தான். ஜாதிக்காயை இழைத்துப் பூசு என்பார். பக்கத்து இலைச் சித்தி, "அதெல்லாம் வேண்டாம், சூட்டு உடம்பு. எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார். முகத்தில் எண்ணெய் வழிவதுதானே பிரச்சினையே! எதிர் வரிசை மாமா சாம்பார் வாளியை நிறுத்தி வைத்துக்கொண்டு, "யாரையோ நினைக்கிறா, அதான்" என்று கண்ணடிப்பார். அப்பா முகம் மாறும். பருவில் தொடங்கிய விசாரணை பெண்ணின் போனை வாங்கிப் பார்ப்பதில் போய் நிற்கும்.

பையன் கதை வேறு. நாளைக்கு பள்ளியில் குரூப் போட்டோ. மூக்கு நுனியில் இன்றைக்கென்று பழுக்கும். நண்பன் பேச்சைக் கேட்டு ராத்திரி பற்பசையை அப்பிக்கொண்டு படுப்பான். காலையில் பரு அப்படியே இருக்கும். சுற்றியுள்ள தோல் வெந்து உரிந்திருக்கும். சும்மா விட்டிருந்தால் போட்டோவில் ஒரு பருதான் விழுந்திருக்கும்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். மெடிக்கலில் யாரோ சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமுக்குச் சிரிக்க முடியாது. முதலில் முகம் பளபளக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். நிறுத்தினால் பரு கூட்டமாகக் கிளம்பும். 2018ல் மத்திய அரசு இந்த வகை க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. நடுவர் அவர்களே, சட்டம் பருவுக்கு எதிராக வரவில்லை. வைத்தியத்துக்கு எதிராக வந்தது!

தழும்பு விழுமே என்றார் எதிரணி அம்மா. விழும், கிள்ளினால் இன்னும் விழும். அதற்கு மருத்துவர் இருக்கிறார். மருந்து எழுதிக் கொடுத்து, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பொறு என்பார். பெரியம்மா பொறுப்பாரா? அடுத்த முகூர்த்தத்துக்குள் பரு போக வேண்டும் அவருக்கு.

2015ல் 'பிரேமம்' படத்தில் சாய் பல்லவி கன்னத்துப் பருவோடுதான் மலர் டீச்சராக வந்தார். தியேட்டரில் ஒருவராவது ஜாதிக்காயை எடுத்துக்கொண்டு திரையை நோக்கி ஓடினார்களா?

கடைசியாக ஒரு சாட்சி. சற்று முன் டீ குடிக்கும்போது, பருவைத் திட்டித் தீர்த்த எதிரணி அம்மா என் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "கண்ணு, கடலை மாவு போட்டுப் பாரேன்." தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.