அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை

வில்லியனூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பழைய லேத்தில் எம் 10 மரை (10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை) வெட்டினேன். முதல் வெட்டு அழகாக விழுந்தது. ஹாஃப் நட்டைத் (லீட் ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும் நட்) திறந்து, கேரேஜைப் (டூல் ஏறிய வண்டி) பின்னுக்குத் தள்ளி, எப்போது நட்டைப் போடலாம் என்று காட்டும் டயலில் அதே எண் வந்தபோதுதான் மறுபடி போட்டேன். இரண்டாவது வெட்டிலேயே மரை நாசம். ஏன்?"

இந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. கடலூர் முதுநகரில் வேலை பழகிய காலத்தில் இதே தப்பைச் செய்தவன் நான்; அதுவும் ஒரு விசைப்படகின் ஷாஃப்டில்.

மரையை வெட்டுவது டூல் அல்ல, கியரும், கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூவும்தான். இதையே மறுபடி சொல்கிறேனே என்று பழைய நேயர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதாவது ஒரு மரைக்கு 6.35 மில்லிமீட்டர். நீங்கள் வெட்டுவதோ 1.5. லீட் ஸ்க்ரூவில் 30 மரை தள்ளினால் 190.5 மில்லிமீட்டர், அங்கேதான் 1.5 மிச்சமில்லாமல் வகுபடும், சரியாக 127 தடவை. ஆக, ஹாஃப் நட் விழக்கூடிய 30 இடங்களில் ஒன்றுதான் பழைய பள்ளம். டயல் பொய் சொல்லவில்லை தம்பி, அது அங்குலத்தில் பேசுகிறது.

அங்குலத்தை மில்லிமீட்டராக்கும் 127 பல் கியர் மாட்டினேனே என்பீர்கள். அது பிட்ச்சை, அதாவது மரைக்கு மரை இடைவெளியை, சரியாக்கும். விட்ட பள்ளத்தைத் தேடித் தராது. வேலை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்காதீர்கள். டூலை வெளியே இழுங்கள், மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிடுங்கள், தொடங்கிய இடத்தையும் சற்றுத் தாண்டிப் பின்னால் போய்விட்டு வெட்டுங்கள். அப்போதுதான் கியரில் இருக்கும் ஆட்டம் மரையில் ஏறாது. அன்று எங்கள் மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. அடுத்த ஷாஃப்டை மாட்டி, ஹாஃப் நட் கைப்பிடியை வலை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: படகுக்காரர் கொண்டுவரும் பழைய போல்ட் என்ன மரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அரை அங்குலம் என்பார். பழைய பிரிட்டிஷ் மரையான விட்வொர்த் என்றால் அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 டிகிரி. அமெரிக்க யுஎன்சி என்றால் 13, கோணம் 60. ஒன்றின் நட் மற்றதன் போல்ட்டில் இரண்டு சுற்று ஏறிப் பிடிக்கும். நல்ல பொருத்தம் என்று நினைத்து ஸ்பானர் போட்டால் இரண்டும் போச்சு. உப்புத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பிட்ச் கேஜை (மரை அளக்கும் பல் இலைகளின் கொத்து) எடுத்து, ஓர் இலையை மரையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இலை இல்லை, அடுத்ததை எடுங்கள்.