அடையாளத்தைக் காத்ததே பெருந்தொண்டு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'புலம்பெயர்ந்த உக்ரைனியர் அமைப்புகளின் பெருந்தொண்டு தாயகத்துக்குத் துணைநின்றதா, அடையாளத்தைக் காத்ததா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ரஷ்யா உக்ரைன் மீது முழுவீச்சில் படையெடுத்த 2022 பிப்ரவரிக்குப் பின் அனுப்பப்பட்ட ஆம்புலன்ஸ்களையும் ஜெனரேட்டர்களையும் மருந்துப் பெட்டிகளையும் அடுக்கிக் காட்டியதோடு, 1991இல் கனடா உக்ரைனை அங்கீகரித்ததையும் தம் அணியின் கணக்கில் எழுதிக்கொண்டார். அவற்றில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால், நூற்று முப்பது ஆண்டு வரலாற்றை அவர் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கினார் என்பதுதான் என் வழக்கு.

1891 செப்டம்பரில், இன்றைய மேற்கு உக்ரைனை உள்ளடக்கிய கலீசியாவின் நெபிலிவ் கிராமத்திலிருந்து இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக் என்னும் இரு குடியானவர்கள் கனடாவில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து முதல் உலகப் போருக்குள் ஏறத்தாழ 1,70,000 பேர் வந்து மானிட்டோபா, சாஸ்கச்சுவான், ஆல்பர்ட்டா சமவெளிகளில் காடு திருத்திக் குடியேறினார்கள். அன்று உக்ரைன் என்றோர் அரசே உலகில் இல்லை. வந்தவர்கள் ஆஸ்திரியப் பேரரசின் குடிமக்களாக இருந்ததால், 1914இல் போர் மூண்டதும் கனடிய அரசு அவர்களில் ஆயிரக்கணக்கானோரை எதிரி நாட்டார் என்று சொல்லி முகாம்களில் அடைத்தது; 1916இல் மானிட்டோபா அவர்களுடைய இருமொழிப் பள்ளிகளையும் ஒழித்தது. இந்த நிலையில் அவர்கள் ஊர்தோறும் எழுப்பியவை படிப்பகங்களும் தேவாலயங்களும் நாடக மேடைகளும்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில், ஷமோக்கின் என்னும் ஊரில் 1894இல் தோன்றிய சங்கமொன்று, சுரங்கத்தில் மாண்டவரின் குடும்பத்துக்கு ஈமச்செலவும் காப்பீடும் தருவதற்காகச் சந்தா திரட்டியது. பின்னாளில் உக்ரைனிய தேசியச் சங்கம் என்று பெயர் பெற்ற அதன் குரலாகவே, ஓராண்டு முன்னர் பிறந்த 'ஸ்வோபோதா' இதழ் வெளிவந்தது. உழைப்பாளியின் சந்தாவில் ஒரு பங்கு அச்சு இயந்திரத்துக்குப் போனது என்பதை எதிரணி கவனிக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, துணைநிற்பதற்குத் தாயகத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். 1932, 33ஆம் ஆண்டுகளில் ஸ்டாலின் ஆட்சி உருவாக்கிய பஞ்சத்தில், ஹோலோதொமோரில், உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டு உக்ரைனியர் உதவி அனுப்பத் துடித்தார்கள். மாஸ்கோவோ பஞ்சமே இல்லை என்று மறுத்து உதவியை ஏற்க மறுத்துவிட்டது. எதிரணியின் தொண்டுக்கு அன்று வழியே இல்லை. எஞ்சியது நினைவு ஒன்றுதான். அந்த நினைவை உக்ரைனுக்குள் வாய்திறந்து பேச ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இடமில்லை. உக்ரைனியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை பஞ்சம் என்ற சொல்லை வெளிப்படையாக உச்சரித்ததே 1987 டிசம்பரில்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1983இல், எட்மன்டன் நகர மன்றத்தின் முன்பு பஞ்சத்தில் மாண்டோருக்கு நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது. அமெரிக்க உக்ரைனியர் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக அமெரிக்க நாடாளுமன்றம் ஓர் ஆணையம் அமைத்தது. ஜேம்ஸ் மேஸ் தலைமையில் ஆய்வாளர்கள் உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தார்கள். அது இனப்படுகொலையே என்று 1988இல் அறிக்கை தந்தார்கள். அந்தச் சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசவைக்க முடிந்தது, தேவாலய முற்றத்திலும் சங்கக் கட்டடத்திலும் அவர்கள் ஒரு சமூகமாகச் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்ததால்தான். உக்ரைன் நாடாளுமன்றம் அதே முடிவைச் சட்டமாக்கியது 2006இல்.

இன்னொன்று. 1933இல் சோவியத் அரசு உக்ரைனிய அகரவரிசையிலிருந்து ஓர் எழுத்தையே நீக்கி, எழுத்திலக்கணத்தை ரஷ்ய மொழிக்கு அருகே நகர்த்தியது. வெளிநாட்டு அச்சகங்கள் அந்த எழுத்தை விடவில்லை. 1990இல் அது உக்ரைனுக்குள் முறைப்படி திரும்பியது. 1873இல் லிவிவ் நகரில் தோன்றி 1940இல் சோவியத் ஆட்சியால் கலைக்கப்பட்ட ஷெவ்சென்கோ அறிவியல் கழகம், 1947இல் அகதிகளால் மியூனிக்கில் உயிர்ப்பிக்கப்பட்டு, கலைக்களஞ்சியங்களை வெளியிட்டது; 1989இல் லிவிவுக்கே மீண்டது. அமெரிக்காவில் உக்ரைனிய மாணவர் அமைப்பு 1957இல் தொடங்கிய நிதி திரட்டல், சாதாரணக் குடும்பங்களின் சிறு நன்கொடைகளால் பெருகி, ஹார்வர்டில் வரலாறு, இலக்கியம், மொழியியல் ஆகியவற்றுக்கு மூன்று பேராசிரியர் இருக்கைகளையும் 1973இல் ஓர் ஆய்வு நிறுவனத்தையும் பெற்றுத் தந்தது. 1946இல் சோவியத் அரசால் தடைசெய்யப்பட்ட உக்ரைனியக் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை நாட்டுக்குள் தலைமறைவாக வாழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வெளிப்படையாக இயங்கியது புலம்பெயர்ந்தோரிடையேதான். அதன் தலைவர் லுபாச்சிவ்ஸ்கி 1991இல்தான் ரோமிலிருந்து லிவிவ் திரும்ப முடிந்தது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் எழுப்பிய இரு கேள்விகளைத் தவிர்த்துவிட்டு நான் அமர்ந்தால் அது நேர்மையாகாது. மூன்றாம் தலைமுறை மொழியை இழந்துவிட்டதே, நடனமும் ஈஸ்டர் வண்ண முட்டையும் மட்டுமே மிஞ்சியதை அடையாளம் என்பீர்களா என்று கேட்டார். இழப்பு உண்மை. அமைப்புகள் அதை மறைக்கவில்லை. 'ஸ்வோபோதா' குழு 1933இலேயே இளைஞர்களுக்காக ஆங்கில வார இதழ் ஒன்றைத் தொடங்கியது, பிள்ளைகள் எந்த மொழியில் படித்தாலும் எதைப் படிக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று கருதியதால்தான் என்று நான் கொள்கிறேன். அடுத்தது, 2023 செப்டம்பரில் கனடிய நாடாளுமன்றம், நாஜிப் படைப்பிரிவில் இருந்த உக்ரைனிய முதியவர் ஒருவருக்கு எழுந்து நின்று கைதட்டிவிட்டு வெட்கித் தலைகுனிந்ததே, இதுவும் நீங்கள் காத்த நினைவில் சேருமா என்றார். சேரும். காத்த நினைவைச் சலித்துப் பார்க்கும் கடமையில் அமைப்புகள் பல தவறியிருக்கின்றன. அதற்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் அந்தக் குறை, காத்த பொருளின் எடையைக் காட்டுகிறதே அல்லாமல், அது அற்பமானது என்பதற்குச் சான்றாகாது.

இனி 1991. டிசம்பர் 1 அன்று உக்ரைனியர் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் விடுதலைக்கு வாக்களிக்க, மறுநாளே கனடா அங்கீகாரம் அளித்தது. எதிரணி இதைத் தாயகத் தொண்டு என்கிறது. அந்த வேகம் எங்கிருந்து வந்தது? அன்று கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ரமோன் ஹ்னாதிஷின் உக்ரைனிய வழித்தோன்றல். மேற்கு மாகாணங்களில் தங்களை உக்ரைனியர் என்று சொல்லிக்கொண்ட பேரன் பேத்திகளின் வாக்கு எந்தக் கட்சியும் புறந்தள்ள முடியாததாக இருந்தது. 1940இல் வின்னிபெக்கில் உருவாகிய உக்ரைனியக் கனடியர் பேரவை, கட்சியும் திருச்சபையும் பிரித்துவைத்த மக்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. 1964இல் செனட்டர் பால் யூசிக் தம் கன்னிப் பேச்சில் பல்பண்பாட்டுக்காக வாதாடினார்; 1971இல் பிரதமர் ட்ரூடோ அதைக் கொள்கையாக அறிவித்தார், மறுநாளே வின்னிபெக்கில் உக்ரைனியர் பேரவையில் பேசினார். இன்று டொரன்டோவில் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போவதும் அதே கொள்கையின் நிழலில்தான் என்பதை இந்த அவை அறியும்.

எதிரணியின் வலுவான ஆயுதமான 2022க்கு வருகிறேன். அவசரப் பயண அனுமதித் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கனடாவுக்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் எட்மன்டனில் உக்ரைனிய மொழியிலேயே பாடம் நடக்கும் வகுப்பறைகளில் போய் அமர்ந்தார்கள். அந்த இருமொழித் திட்டம் போருக்காக உருவானதன்று. பெற்றோரின் இயக்கத்தால் 1974இல் தொடங்கியது, ஐம்பது ஆண்டுகளாக ஆசிரியர்களையும் பாடநூல்களையும் தயாராக வைத்திருந்தது. டெட்ராயிட்டில் பிறந்த உலானா சுப்ருன் போர்வீரர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளித்து, 2016 முதல் 2019 வரை உக்ரைனின் தற்காலிகச் சுகாதார அமைச்சராகப் பொறுப்பு வகித்ததை எதிரணி பெருமையோடு சொன்னது. அவர் பிறந்த ஊரிலேயே, 1949 முதல், கீவிலிருந்து தப்பிவந்த, பண்டூரா என்னும் உக்ரைனிய நரம்பிசைக் கருவியை மீட்டும் இசைக்குழு பாடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் பிறந்த ஒரு மருத்துவருக்குத் தம் முன்னோர் விட்டுவந்த நாடு ஏன் தம் நாடாகத் தோன்றியது? அடையாளத்தைக் காக்காமல் உதவி மட்டும் செய்த ஓர் உக்ரைனிய அமைப்பின் பெயரை எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லிவிட்டு, அதன் பிறகு தம் வாதத்தைத் தொடங்கட்டும்.