பூப்போட்ட துணியில் கத்தரி வைப்பதற்கு முன்

(திரையில்: வேலூர் நேதாஜி மார்க்கெட், காலை நேரம். பூக்கட்டும் விரல்கள் மட்டும்.)

வணக்கம். தையல் வீடியோவில் எதற்குப் பூக்கடை என்று கேட்காதீர்கள், இந்த அம்மாவின் விரலைப் பாருங்கள். இந்தப் பக்கம் ரெண்டு மல்லி, அந்தப் பக்கம் ரெண்டு, ஒரு சுற்று. கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் கனகாம்பரம், நடுவில் மரிக்கொழுந்து. முழம் போட்டு எங்கே அறுத்தாலும் கதம்பம் கதம்பமாகத்தான் இருக்கும். துணியில் பூ டிசைனும் இதே கதைதான்: ஒரு துண்டை வரைந்து, அதையே ஒட்டு தெரியாமல் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். அந்த ஒரு துண்டுக்கு ரிப்பீட் என்று பெயர். மில்லில் உருளை வைத்து அச்சடிக்கும்போது உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ., அதனால் ரிப்பீட்டும் 64, 32, 16 என்று அதில் அடங்குகிற அளவாகவே வரும்.

(திரையில்: துணியின் மேல் விரல் நகர்கிறது.)

கடையில் நிற்கும்போதே ஒரு பூவில் விரலை வைத்து, அதே பூ மறுபடி எங்கே வருகிறது என்று மேலே போய்ப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இதைச் செய்யாமல் நான் பட்டது ஒன்று. அக்கா மகளுக்குச் சுடிதார் டாப். தண்டோடு நிமிர்ந்து நிற்கிற தாமரை, அவ்வளவு அழகு. வழக்கம்போல துணியைக் குறுக்கே மடித்து, மடிப்பைத் தோள்பட்டைப் பக்கம் வைத்து, முன்னும் பின்னும் சேர்த்து ஒரே வெட்டு. போட்டுக்கொண்டு திரும்பினாள், முதுகு முழுக்கத் தாமரை தலைகீழாகத் தொங்குகிறது. "சித்தி, குளத்தைக் கவுத்துட்டீங்களா?" என்றாள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மடிப்பிலேயே துணியை ரெண்டாக வெட்டி, மேல் துண்டைத் திருப்பி, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்க அடுக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். பக்கத் தையலில் பூவோடு பூ சேர வேண்டுமென்றால் ஒரு ரிப்பீட் நீளம் கூடுதலாக எடுக்க வேண்டும். எல்லாத் திசையிலும் சிதறிய பூ என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

(திரையில்: ஆரணிப் பட்டு, புட்டா என்கிற நெய்த சின்னப் பூ நெருக்கத்தில்.)

நம் பழைய வட ஆற்காட்டு ஆரணியில் பூ வேறு விதமாகப் பிறக்கிறது. கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டையில் ஓட்டை போட்டு, தறியின் மேல் இருக்கிற ஜக்கார்டு என்ற கருவியில் ஏற்றுகிறார்கள், ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, அது தூக்கும். கட்டத்தில் வரைந்ததால் வளைவெல்லாம் நெருங்கிப் பார்த்தால் குட்டிக் குட்டிப் படிதான். மல்லிமொக்கு மாதிரி சின்னப் பூ பட்டில் இவ்வளவு எடுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சோழமண்டலக் கரையில் அன்று கையால் எழுதின பூத்துணிக்கு இந்தப் படிச் சிக்கல் கிடையாது, வளைவு கையோடு வரும். கடுக்காயும் படிகாரமும் போட்டுப் பிடிக்கவைத்த சாயவேர்ச் சிவப்பு, துவைத்தாலும் போகாது. அந்தத் துணி மேல் மக்களுக்கு வந்த மோகத்தில் தங்கள் நெசவாளர்கள் படுத்துவிடுவார்கள் என்று பயந்து பிரான்சில் 1686இல் அதற்குத் தடையே போட்டார்கள், 1759 வரை விலக்கவில்லை.

சரி, அளவு. குண்டாக இருப்பவர்கள் பெரிய பூ போடக்கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பூவுக்கும் பூவுக்கும் நடுவே எவ்வளவு வெறும் துணி தெரிகிறது, எந்தப் பூ எங்கே விழுகிறது, இதுதான் கணக்கு. பெரிய பூ சரியாக மார்பிலோ தொப்பையிலோ விழுந்தால் யாருக்குமே நன்றாக இருக்காது, அதைக் கைக்கோ முதுகுக்கோ தள்ளுங்கள். ரவிக்கைத் துணி 80 செ.மீ., ரிப்பீட் 64 என்றால் நீளவாக்கில் ஒரு முழு ரிப்பீட்தான் கிடைக்கும், அதிலுள்ள பெரிய பூவை எங்கே வைப்பது என்று சாக்பீஸில் வட்டம் போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுங்கள்.

(திரையில்: தாமரைத் தலையணை.)

அந்தத் தாமரை முதுகு? பிரித்துத் தலையணை உறையாக்கிவிட்டேன். இப்போது எப்படிக் கவுத்தாலும் யாரும் கேட்பதில்லை.