ஆஸி ஸ்மித்: இவரைத் தாண்டி பந்து போகாது

வணக்கம் மக்களே. 1978 ஏப்ரல் 20, அமெரிக்காவுல சான் டியேகோ கிரவுண்டு. பாட்ரேஸ் டீமுக்கும் அட்லாண்டா பிரேவ்ஸுக்கும் பேஸ்பால் மேட்ச். பிரேவ்ஸ் பேட்டர் ஜெஃப் பர்ரோஸ் அடிச்ச பந்து, பந்து போடுற பிட்சரை தாண்டி நடுவுல சீறிட்டு போகுது. மேஜர் லீக்ல, அதாவது அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் லீக்ல, ஆட ஆரம்பிச்சு ரெண்டு வாரம்கூட முழுசா ஆகாத ஒரு 23 வயசு பையன் இடது பக்கம் டைவ் அடிக்கிறான், க்ளவுஸ் கையை நீட்டியாச்சு, அந்த நேரம் பார்த்து பந்து தரையில குத்தி கோணலா எகிறி அவனுக்கு பின்னாடி போகுது. அவ்ளோதான், ஹிட்டு, பேட்டர் அவுட் ஆகாம பேஸுக்கு போயிடுவான்னு எல்லாரும் நினைக்கும்போது உடம்பு அந்தரத்துல இருக்குறப்பவே வெறும் வலது கையை பின்னாடி விட்டு பந்தை பிடிச்சு, கீழ விழுந்து, எழுந்து, ஃபர்ஸ்ட் பேஸுக்கு, அதாவது பேட்டர் ஓடிப் போய் தொட வேண்டிய முதல் இடத்துக்கு, எறியுறான். பர்ரோஸ் அவுட்.

அந்தப் பையன்தான் ஆஸி ஸ்மித். இந்த க்ளிப்பை ஸ்லோ மோஷன்ல எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கை எப்படி அங்க போச்சுனு எனக்குப் புரியவே இல்ல.

பேஸ்பால் அதிகமா பார்க்காதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். ஆஸி நிக்கிற இடத்துக்கு ஷார்ட்ஸ்டாப்னு பேரு, செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவுல. வலது கை பேட்டர்ஸ்தான் ஜாஸ்தி, அவங்க இழுத்து அடிச்சா பந்து இந்தப் பக்கம்தான் வரும். பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓட வேண்டியது 90 அடி, வேகமா ஓடுறவருக்கு சுமாரா 4 செகண்டு. அந்த 4 செகண்டுக்குள்ள இவர் ஓடி, குனிஞ்சு, பந்தை எடுத்து, க்ளவுஸ்ல இருந்து கைக்கு மாத்தி, குறுக்கால எறிஞ்சு, அது ஆள் போய் சேர்றதுக்கு முன்னாடி போய் சேரணும். கிரிக்கெட்ல பாயிண்ட்ல ஒரு மிஸ்ஃபீல்டுனா பெரும்பாலும் ஒரு ரன்னோட போயிடும், இங்க ஒரு தடுமாற்றம்னா அவுட் ஆக வேண்டிய ஆள் பேஸ்ல நிப்பான், அடுத்தவன் அடிச்சா ரன்.

பொறந்தது அலபாமா மாநிலத்துல மொபைல், வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸ்ல வாட்ஸ்ங்குற ஏரியா. சின்ன வயசுல வீட்டு கூரைக்கு மேல பந்தை தூக்கிப் போட்டுட்டு, அது விழுறதுக்குள்ள அந்தப் பக்கம் ஓடிப் போய் பிடிக்கப் பார்ப்பாராம். படுத்துக்கிட்டு கண்ணை மூடி பந்தை மேல போட்டு பிடிக்கிறதும் உண்டு. அந்த 1978 கேட்ச்சோட வேர் இங்கதான் இருக்குனு நான் நினைக்கிறேன்.

ஆனா பேட்டிங்? 1979ல சராசரி .211. அதாவது நூறு தடவைக்கு 21 ஹிட். அதுக்கு அடுத்த வருஷமே, 1980ல, ஃபீல்டிங்ல 621 அசிஸ்ட். அசிஸ்ட்னா நீங்க எறிஞ்ச பந்தால ஒருத்தர் அவுட் ஆகுறது. ஒரே சீசன்ல எந்த ஷார்ட்ஸ்டாப்பும் இன்னிக்கு வரைக்கும் அதைத் தாண்டல.

1982 தொடக்கத்துல பாட்ரேஸ் இவரைக் குடுத்துட்டு செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ்கிட்ட இருந்து கேரி டெம்பிள்டனை வாங்கினாங்க. டெம்பிள்டன் நல்லா அடிக்கிற ஷார்ட்ஸ்டாப், அதனால பேப்பர்ல பாட்ரேஸுக்குத்தான் லாபம் மாதிரி தெரிஞ்சிருக்கும். ஆனா அதே வருஷம் கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரிஸ், அதாவது லீக்கோட ஃபைனல், ஜெயிச்சாங்க. அங்க மேனேஜர் வைட்டி ஹெர்சாக். இவரு ஆஸிகிட்ட ஒரு பந்தயம் கட்டினாரு: தரையோட அடிச்சா நான் உனக்கு ஒரு டாலர், தூக்கி அடிச்சா நீ எனக்கு ஒரு டாலர். ஆஸிக்கு பலம் கம்மி, கால் வேகம், கார்டினல்ஸ் கிரவுண்டு அப்போ செயற்கைத் தரை, பந்து சறுக்கிட்டு ஓடும், அதான் கணக்கு. சீசன் முடிவுல ஆஸி கிட்டத்தட்ட 300 டாலர் ஜெயிச்சிருந்தாரு. 1987ல ஒரு ஹோம் ரன்கூட (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டி அடிக்கிறது) இல்லாம .303 சராசரியில அடிச்சு, சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி ஓட்டுல ரெண்டாவதா வந்தாரு, அதுல அந்தப் பந்தயத்துக்கு கண்டிப்பா பங்கு இருக்கு.

1985 ப்ளேஆஃப்ல டாட்ஜர்ஸுக்கு எதிரா அஞ்சாவது கேம், ஸ்கோர் 2-2, ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். ஆஸி ரெண்டு கையிலயும் பேட் பண்ணுவாரு, ஆனா இடது கை பேட்டரா அதுவரைக்கும் 3,009 அட்-பேட்ல (பேட்டிங் வாய்ப்புல) ஒரு ஹோம் ரன்கூட அடிச்சதில்ல. டாம் நீடன்ஃப்யூர் போட்ட பந்தை அடிச்சாரு பாருங்க, கோட்டை ஒட்டியே போய் ஹோம் ரன், மேட்ச் முடிஞ்சது! அதே சீசன்ல அவரோட எறியுற தோள்ல தசைநார் கிழிஞ்சிருந்தது, இதைத்தான் பல பேர் கவனிக்கல. ஆபரேஷன் பண்ணிக்காம உடற்பயிற்சியாலயே தோளைத் தேத்தி ஆடினாரு. எறியுறதுதான் பொழப்புனு இருக்குற ஒருத்தருக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிங்க. தோள் போன அந்த வருஷமும் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருது, 1980ல இருந்து 1992 வரைக்கும் வருஷா வருஷம், மொத்தம் 13.

1996ல ரிட்டயர் ஆனாரு. மொத்த கேரியர்லயே 28 ஹோம் ரன்தான். 2002ல முதல் ஓட்டெடுப்புலயே ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் ஜாம்பவான்கள் பட்டியல், 91.7 சதவீத ஓட்டு. ஒரே பந்துல ரெண்டு பேரை அவுட் ஆக்குற டபுள் ப்ளேல, ஷார்ட்ஸ்டாப்பா அவர் வெச்சிருந்த 1,590ங்குற ரெக்கார்டை அப்புறம் ஓமார் விஸ்கேல் தாண்டிட்டாரு. 8,375 அசிஸ்டை மட்டும் இன்னும் எந்த ஷார்ட்ஸ்டாப்பாலயும் தொட முடியல.