புதுச் சவரக்கத்தியும் நம் கரையின் உப்புக்காற்றும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மடக்கிப் பிடிக்கும் பழைய முறைச் சவரக்கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முகத்தில் வைக்கலாமா என்று கேட்கும் அன்பர்கள் பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் என்னிடம் வருவதுண்டு. வைக்கக் கூடாது என்பதே என் பதில். அதற்கான காரணங்களையும், முதல் சவரத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றையும், இந்தக் கடற்கரையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் பேசுவது பிளேடு மாற்றும் கத்தியைப் பற்றியன்று. அலகு முழுவதும் ஒரே எஃகாக உள்ள கத்தியைப் பற்றி. கடைகளில் ஒவ்வொருவருக்கும் புதுப் பிளேடு மாற்றும் வழக்கம் மிகவும் சரியானது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே முழு எஃகுக் கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியது. அண்ணன் தம்பியானாலும் பகிரக் கூடாது.

ஜெர்மனியின் ஸோலிங்கனும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் இக்கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். எங்கே செய்த கத்தியானாலும், துரு ஏறாதிருக்கப் பூசிய எண்ணெய்ப் பசையோடுதான் பெரும்பாலும் வரும். அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, காகிதத்தை அறுக்கும். தாடி மயிரையோ இழுக்கும். முதலில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, பசையை நீக்குங்கள். வாயின் நீளவாக்கில் விரலோ பஞ்சோ ஓடக் கூடாது. பிறகு வாயை விளக்குக்கு நேரே நிமிர்த்திப் பாருங்கள். எந்த இடத்திலாவது ஒளிப்புள்ளி மின்னினால் அங்கே வாய் மழுங்கியிருக்கிறது, அல்லது சிறிது உடைந்திருக்கிறது.

அடுத்தது கல். அரிவாளையும் மீன் வெட்டும் கத்தியையும் தீட்டும்போது நாம் கைக்கணக்கில் சாய்வு கொடுக்கிறோம். சவரக்கத்திக்கு அந்தக் கணக்கு வேண்டாம்; அதன் தடித்த முதுகே சாய்வைத் தீர்மானிக்கிறது. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க, வாய் முன்னே செல்லும்படி தள்ள வேண்டும். கல்லின் முனையில் முதுகை ஊன்றியே கத்தியைப் புரட்ட வேண்டும். முதலில் 1000 எண் கல்; எண் கூடக் கூடக் கல் நயமானது. இரு பக்கச் சரிவுகளும் வாயின் முழு நீளத்திலும் ஒன்றையொன்று தொடும் வரை இதை விட்டு நகரக் கூடாது. இதில் அவசரப்பட்டவர்களுக்கு மேல் எண் கற்கள் எதுவும் உதவுவதில்லை. அது கைகூடிய பின் 4000, 8000, 12000 என்று ஏறலாம். ஏற ஏறக் கை அழுத்தம் குறைந்து, முடிவில் கத்தியின் சொந்த எடை மட்டுமே கல்லில் இறங்க வேண்டும். கல்லே குழிந்திருந்தால் இவ்வளவும் வீண் என்பதால், அதைச் சமன் செய்துகொண்டு தொடங்குங்கள்.

இனி, நம் கரைக்கே உரிய செய்திக்கு வருகிறேன். கல்லில் விட எந்தத் தண்ணீரை எடுக்கிறீர்கள்? நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்நீர். அதில் தீட்டிய கத்தியை எவ்வளவு துடைத்தாலும், அலகையும் கைப்பிடியையும் இணைக்கும் அச்சாணியின் இடுக்கிலும் கைப்பிடிக்குள்ளும் சிறிது உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரக் காலை வேளைகளில் அந்த ஈரம் இங்கே அரிதன்று. கையில் எடுக்காமல் பெட்டியில் வைத்திருந்த கத்தியும் துருப்பிடிப்பது இதனால்தான். நன்கு தீட்டிய வாயின் நுனி ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைந்த கனம் உடையது. கண்ணுக்குத் தெரியாத துருவே அதை அரித்துவிடப் போதும். கண்ணுக்குத் தெரியும்போது கத்தி மீண்டும் கல்லுக்குப் போக வேண்டியதாகிவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்பதும் உப்பில் காலப்போக்கில் புள்ளி விழும். எனவே தீட்டுவதற்கும் கழுவுவதற்கும் குடிக்கிற நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். சேதுக்கரையிலும் அக்னி தீர்த்தக் கரையிலும் தலை மழிக்கும் தொழில் செய்த மூத்தோர், கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவாமல் அடைப்பம் என்னும் கருவிப் பைக்குள் வைத்ததில்லை என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கவனத்தைப் பெரிதும் மதிக்கிறேன்.

கல்லுக்குப் பிறகு, தீட்டிய வாயை நேர்ப்படுத்த ஓட்டும் தோல் வார். இங்கே திசை மாறும்: முதுகு முன்னே, வாய் பின்னே. முதலில் முரட்டுத் துணி வாரில் 30 முறை, பிறகு தோலில் 60 முறை என்பது நல்ல அளவு. வார் தொய்ந்தால் வாய் உருண்டு மழுங்கும், இழுத்துப் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலில் பூஞ்சை படரும். ஆகவே வாரையும் கத்தியையும் குளியலறையில் வைக்காமல், காற்றோட்டமான அறையில் வையுங்கள்.

இப்போது முதல் சவரம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிரும், வளைந்து படும் கோணத்தில் கத்தியின் வாயைச் சிறு துணுக்குகளாகப் பெயர்க்க வல்லது என்று கண்டார்கள். மயிர் நீரில் ஊறினால் அதன் விறைப்பு தளர்வதால், வெந்நீரில் நனைத்த துணியை மூன்று நிமிடமாவது முகத்தில் வைத்திருந்து, பிறகு சோப்பு நுரை போடுங்கள். கத்தியை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வைத்து, மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மயிர் வளர்ந்த திசையிலேயே இறக்குங்கள். முதல் நாள் கன்னங்கள் இரண்டும் போதும். மோவாயையும் மேலுதட்டையும் பழகிய சாதனத்தால் முடித்துக்கொள்ளலாம். மயிர் இழுபட்டால் அழுத்தம் கூட்டாமல் நிறுத்திவிட்டு, மீண்டும் வாருக்கும், அதிலும் சரியாகாவிட்டால் 12000 எண் கல்லுக்கும் திரும்புங்கள்.

முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி, அச்சாணிப் பக்கத்து ஈரமும் போகும்வரை திறந்தே வைத்திருங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியை அலகு முழுவதும் பரவும்படி தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளானால் பிசுக்காகப் படியும் என்பதால் அது வேண்டாம். மறுமுறை எடுக்கும்போது அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டே கத்தியை வாரில் ஓட்டுங்கள். நன்றி, வணக்கம்.